மூன்று எண்ணும் முன் குதித்தவள்

லாஸ் வேகாஸ்
அக்டோபர் 4, சனிக்கிழமை

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். இந்த வரியை அவசரத்தில் தாண்டிப் போய்விடாதே, இன்னொரு தடவை படி, ஏனென்றால் இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றித்தான். நீயும் மாப்பிள்ளை கிராண்டும் குட்டி ஐரிஸும் சௌக்கியம்தானே? அவளுக்கு மேல்பல் இரண்டும் விழுந்துவிட்டது என்றாய், முளைப்பதற்குள் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மினியாபொலிஸில் இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் வந்தால் கை விறைத்துப்போகும். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. ஏசி கடமுடா என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது, அதையும் வீட்டை விற்க ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதே.

போன் இருக்கும்போது இந்த அம்மா ஏன் தாளும் பேனாவும் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே? பத்து நாளில் ஆறு தடவை கூப்பிட்டாய், ஆறு தடவையும் நான் வாயைத் திறந்து "அது என்னன்னா கண்ணு" என்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். அப்புறம் கிராண்ட் போனை வாங்கி, ஏதோ மூன்று வயதுக் குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்தி, "அத்தை, கீழ் ரூமை உங்களுக்காகக் காலி பண்ணிட்டோம், ஜன்னல் கூட இருக்கு" என்கிறார். ஜன்னல் இருந்தால் எனக்கு என்ன, பனியைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? நேற்று ஒரு வீட்டுத் தரகர் வாசலில் வந்து நிற்கிறார், கையில் என் வீட்டுப் போட்டோ. "உங்க மகள்தான் பேசினாங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், வெயிலில் நிற்கிறாரே என்று ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. உன் அப்பாவும் நானும் முப்பத்தொரு வருடம் குடியிருந்த வீடு, ரெனிட்டா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எல்லாம் அந்த நாசமாய்ப் போன வீடியோவால் வந்தது. யாரோ எடுத்து, யாரோ போட்டு, உன் ஆபீஸ் சிநேகிதி உனக்கு அனுப்பி, நீ அதை நிறுத்தி நிறுத்தி நாற்பது தடவை பார்த்து, அம்மாவுக்கு மறதி நோய் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் "பாவம் பாட்டி, யாரோட பேசறோம்னே தெரியல" என்று எழுதியிருப்பதையும் எனக்குப் படித்துக் காட்டினாய். ஊர் வாயை மூட முடியாது. என் வயிற்றில் பிறந்தவளும் அதையே சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஆற அமரப் படி.

வெர்லீனுக்குப் போன மாதம் எழுபது முடிந்தது. உனக்குத் தெரியும், அவளும் நானும் ஒரே காசினோவில் இருபத்தாறு வருடம், நான் சீட்டு மேசையில் சீட்டுப் பிரித்துப் போடும் டீலராக நிற்க, அவள் ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு மதுத் தட்டு தூக்கி நடந்து இரண்டு பாதத்தையும் பாழாக்கிக்கொண்டாள். பிறந்தநாளுக்குச் சர்ச் பெண்கள் கேக் செய்து தருகிறோம் என்றார்கள், இவள் கேக் வேண்டாம், இந்த ஊரிலேயே உயரமான அந்தக் கோபுரத்தின் மேலே ஏறி அங்கே உச்சியில் இருக்கிற ராட்டினம் எல்லாவற்றிலும் சுற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த ஊர்க்காரர்கள் யாராவது அதில் ஏறி நீ பார்த்திருக்கிறாயா? வெளியூர் விருந்தாளி வந்தால் காரில் இருந்தபடி கையைக் காட்டுவதோடு சரி. அவளோ, "தினமும் பஸ்ஸுல இருந்து அண்ணாந்து பாத்து பாத்தே எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சுடி ஒடெஸ்ஸா, ஒரு நாளாவது அங்க நின்னு இந்த ஊரைக் குனிஞ்சு பாக்கணும்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும், கிளம்பினேன்.

மேலே போனதும் முதல் ரகளை அவள் விக்கால் வந்தது. கழன்று விழக்கூடிய எதையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அங்கே சட்டம் என்றான் ராட்டினத்தில் ஏற்றிவிடும் பையன். வெர்லீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தம்பி, கர்த்தர் கொடுத்த முடியைக் கர்த்தரே எடுத்துக்கிட்டாரு. நான் வாங்கின முடியை நீ எடுக்கப் போறியா?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் திறந்து பிடித்தான், இவளும் மகாராணி கிரீடத்தை இறக்குவது போல இறக்கி வைத்தாள். அப்புறம் மேலே தூக்கி எறிகிற ராட்டினத்தில் உட்கார்ந்தோம். கோபுரத்தின் உச்சிக்கு மேலே இன்னும் எறிந்து, அங்கிருந்து சட்டென்று கீழே விடுகிறான், வயிறு மேலேயே தங்கிவிட்டது. வெர்லீன் இயேசுவைக் கூப்பிட்ட கூப்பாட்டில் பின்னால் இருந்த ஜப்பான்காரர் கூட "ஆமென்" என்றார். இன்னொன்று வண்டி மாதிரி, கோபுர விளிம்பைத் தாண்டி வெளியே சரிந்து அந்தரத்தில் தலைகீழாக நிற்கும். அதிலும் உட்கார்ந்தோம். இதுவரை என் புத்தியில் ஏதாவது குறை தெரிகிறதா சொல்.

கடைசியாகக் குதிப்பது. உடம்பைச் சுற்றிப் பட்டை கட்டி, கம்பிக் கயிற்றில் மாட்டி, எண்ணூறு அடியிலிருந்து இறக்குவார்கள். வெர்லீன் எடை பார்த்து, உடை மாட்டி, விளிம்பு வரைக்கும் வந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "என் பிறந்தநாள் இப்பவே முடிஞ்சிருச்சு" என்று திரும்பி நடந்துவிட்டாள். நானும் திரும்பியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நீ போனில், தனியாக மாடிப்படி ஏறாதே, தனியாகக் கார் ஓட்டாதே என்று அரை மணி நேரம் பாடம் நடத்தியிருந்தாய். அந்த எரிச்சல் அப்படியே நெஞ்சில் கிடந்தது. மாடிப்படி ஏறக் கூடாதவள் என்ன செய்கிறாள் பார் என்று போய் நின்றேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

அங்கே இருந்தது டோரியா என்ற பெண், உன் வயதுதான் இருக்கும். நிதானமானவள், ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் கம்பியைப் பிடிச்சுக்கங்கம்மா, நான் மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணுவேன், அப்புறம்தான் காலை எடுக்கணும்" என்று தெளிவாகச் சொன்னாள். நானும் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டேன். காற்று காதை அடைத்தது. கேமரா பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொல்லலாம் என்று அந்தப் பெண் பின்னாலிருந்து என் வலது தோளில் லேசாக இரண்டு தட்டு தட்டினாள்.

இருபத்தொன்பது வருடம் டீலராக நின்றவளின் தோளைத் தட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும், ரெனிட்டா, தெரிய வேண்டும், அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய். மேசையில் நிற்கிற டீலரை மாற்றி விட வருகிற ஆள் வாயைத் திறக்கமாட்டார், பின்னாலிருந்து தோளைத் தட்டுவார். தட்டு விழுந்ததும் கையில் இருக்கிற ஆட்டத்தை முடிக்க வேண்டும், ஒரு தடவை கை தட்டி, உள்ளங்கையை மேலே காட்டி, கீழே காட்டி, பந்தயச் சில்லு எதையும் ஒளித்துக்கொள்ளவில்லை என்று மேலே இருக்கிற கேமராவுக்குக் காட்ட வேண்டும், மேசையில் இருப்பவர்களுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மணிக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை, இருபத்தொன்பது வருடம். பழக்கம் எலும்புக்குள் போய்விட்டது. கம்பியை விட்டேன், கை தட்டினேன், உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன், ஆகாயத்தைப் பார்த்து "எல்லாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கட்டும்" என்றேன், நகர்ந்தேன். மேசையில் பக்கவாட்டில் நகர்வோம், அங்கே பக்கத்தில் கம்பி இருந்தது. முன்னால் மட்டும்தான் வழி இருந்தது.

நீங்கள் எல்லோரும் பார்த்து அழுதது அவ்வளவுதான். டோரியா வீறிட்டது எண்ணூறு அடிக்கும் கேட்டது. கீழே ஓடி வந்தவர்கள் பட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால், "அம்மா, இது எந்த வருஷம்னு சொல்லுங்க" என்றார்கள். வருடத்தைச் சொன்னேன், அவர்கள் சட்டையில் குத்தியிருந்த பெயர்களையும் படித்துச் சொன்னேன், மேலே இருக்கிற பெண் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நீ எனக்கு ஏற்பாடு செய்த ஞாபகசக்தி டாக்டரிடமும், உன் மனம் ஆறட்டும் என்று, போய்விட்டு வந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இருபத்தொன்பது வருடம் மனக்கணக்கில் பந்தயம் பட்டுவாடா செய்தவளிடம்! முடித்துவிட்டு இப்போது பதின்மூன்று பதின்மூன்றாக நீங்கள் கழியுங்கள் டாக்டர் என்றேன், எண்பத்தேழோடு நின்றுவிட்டார். ஐந்து வார்த்தை சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆரஞ்சு, ஏணி, சகோதரி, பித்தளை, ஆறு. ஐந்து நாள் ஆகிறது, எந்தச் சீட்டையும் பார்க்காமல் எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், கிராண்டிடமும் காட்டு.

இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். கடிதத்தை மடித்தும் விட்டேன். திரும்பப் பிரித்து எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகிவிடும். வீடியோவில் நான் சிரித்துக்கொண்டே இறங்குவது போலத் தெரிகிறது. சிரிக்கவில்லை, ரெனிட்டா. ஓ என்று அழுதுகொண்டு இறங்கினேன். அந்தத் தட்டு விழுந்த நொடியில் நான் கோபுரத்தில் இல்லை, மேசையில் கூட இல்லை. உன் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். பக்கவாதம் வந்து நாலு வருடம் எல்மோர் அதில் கிடந்தார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைத்தேன், ஊட்டினேன், துடைத்தேன். காசினோவில் மணிக்கு இருபது நிமிடம் ஓய்வு உண்டு. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு வருடத்தில் ஒருவர் கூட வந்து என் தோளைத் தட்டி, நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. நீ மூன்று தடவை வந்தாய், மூன்று மூன்று நாள் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, "நீ சமாளிச்சுக்குவேம்மா, உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை" என்றாய். அந்த வார்த்தை என்னை எப்படி அறுத்தது தெரியுமா? அப்போது கவலைப்படாதவள், இப்போது நான் ஒரு தடவை சந்தோஷமாக இருக்கப் போனதும் கவலைப்பட்டு வீட்டை விற்கிறாய். பத்து நாளாக எனக்கு இருக்கிற கோபம் வீடியோவாலோ தரகராலோ வந்ததில்லை. உன் அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து இரண்டு வருடமாகக் கிடக்கிற கோபம் அது.

ஆனால் உன்னை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் அதுவும் நியாயமில்லை. வா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் "எல்லாம் நல்லா இருக்குடி" என்றுதான் சொன்னேன். கேட்டால் என் மதிப்புக் குறைந்துவிடும் என்று இருந்தேன். ஆகவே இப்போது கேட்கிறேன். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி எனக்கு வலது கண்ணில் புரை எடுக்கிறார்கள். உன்னிடம் சொன்னால் வீட்டை விற்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும் என்று மறைத்து வைத்திருந்தேன். காரில் கூட்டிப்போய்க் கூட்டிவரவும் ஒரு வாரம் மருந்து விடவும் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். தாளில் அந்த ஆளின் பெயர் எழுதுகிற இடத்தில் வெர்லீன் என்று எழுதியிருந்தேன். நேற்று அதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிக் கொடுத்தேன். வீடு விற்பனைக்கு இல்லை, அந்தப் பேச்சு இன்றோடு முடிந்தது. ஆனால் நீ வர வேண்டும். எனக்கு நீ வேண்டும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் சேதமில்லாமல் காப்பாராக. ஐரிஸுக்கு என் முத்தங்கள், கிராண்டுக்கு என் அன்பு. டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடு, மாதக் கடைசியில் வருகிற நன்றி விருந்துப் பண்டிகை நெருங்கினால் இடம் கிடைக்காது. கனமான கோட்டு எதுவும் கொண்டு வராதே, இங்கே தேவைப்படாது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா,
ஒடெஸ்ஸா