சுந்தரியின் பாதத்துக்கு எண்ணெய்

இன்று காலை தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது. மார்கழியில் தாம்பரத்துக்கு இவ்வளவு குளிராவது வருகிறதே என்று நீ சந்தோஷப்பட்டிருப்பாய். கரண்டிக் காம்பால் கொஞ்சம் வழித்து உள்ளங்கையில் வைத்தேன். உருகத் தொடங்கிய அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய்.

சுந்தரி உன் பூனை என்று நீ ஒப்புக்கொண்டதே இல்லை. "தானா வந்துச்சு, தானா போகும்" என்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதனிடம் உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் புலம்புவது எதிர் வீட்டில் எனக்குக் கேட்கும். பூனை இருக்கும் வீடு நாறுகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று காலையும் மாலையும் பினாயில் போட்டுத் தரை துடைப்பாய். ஒரு கோடையில் சுந்தரி நொண்டியது. ரோஜா நிறப் பாதங்கள் காய்ந்து வெடித்திருந்தன. கூடையில் வைத்துக் குரோம்பேட்டை டாக்டரிடம் கொண்டுபோனோம்.

"வீட்டைப் பினாயில் போட்டா துடைக்கிறீங்க மேடம்?"

"டெய்லி ரெண்டு வேளை சார்!" என்றாய், பெருமையாக.

"மொதல்ல அதை நிறுத்துங்க. பூனைக்கு அது விஷம். மிதிச்சிட்டு வந்து காலை நக்குது பாருங்க. வெறும் தண்ணில துடைங்க. தேங்காய் எண்ணெய் லேசா தடவுங்க, போதும்."

திரும்பும்போது ஆட்டோவில் கூடை மேல் வைத்த கையை நீ எடுக்கவே இல்லை.

எண்ணெய் என்றதும் சுந்தரி கட்டிலுக்கடியில் ஓடியது. நீதான் வழி கண்டுபிடித்தாய். தட்டில் வேகவைத்த மீனை வைத்து, அது தலை குனிந்ததும் பின்னங்காலை மெல்ல எடுத்துத் தடவுவாய். "சாப்பாடு முன்னாடி இருந்தா எதையும் கண்டுக்காதுடி. உன்னை மாதிரியே."

பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது. அதற்கான மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் உன் உள்ளங்கையும் பாதமும் சிவந்து, தோல் உரிந்து வெடித்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவாய். குனிந்து களிம்பு தடவ உன்னால் முடியவில்லை. நான் கை நீட்டினால் பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வாய்.

"என் காலையா தொடுவ? போடி அந்தப் பக்கம்."

நான் வாதாடவில்லை. ஒரு மத்தியானம் ரசம் சாதத்தைக் கிண்ணத்தில் குழையப் பிசைந்து, ஸ்பூனோடு உன் கையில் கொடுத்தேன். நீ இரண்டாவது வாய் எடுக்கும்போது உன் காலை என் மடியில் வைத்தேன்.

ஸ்பூன் பாதியில் நின்றது. "அடிப்பாவி! பூனை வைத்தியமா?"

"பேசாம சாப்பிடு."

சிரித்தாய். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. "வலிக்குதுடி" என்றாய். அத்தனை மாதங்களில் அன்றுதான் அந்தச் சொல்லைச் சொன்னாய். பாதத்தை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு, சாப்பாட்டுத் தட்டோடு நான் வந்தால் நீயே காலை நீட்டினாய், கடைசி வரைக்கும்.

உன் அண்ணன் வந்து வீட்டைக் காலி செய்தபோது சுந்தரி என் வாசலுக்கு வந்தது. தட்டு வைத்தால் சாப்பிடும். கை நீட்டினால் போய்விடும். இந்தக் குளிரில் மறுபடியும் பாதம் காய்ந்து, மெல்ல நொண்டுகிறது.

இன்று மீனை வைத்துவிட்டு, எண்ணெய் உருகும்வரை காத்திருந்து, பின்னங்காலைத் தொட்டேன். சாப்பிடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது. பிறகு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டது.

தடவி முடித்த பிறகும் அந்தச் சின்னக் காலை நான் விடவில்லை. என் மடியில் உன் பாதமும் இந்தச் சூட்டோடுதான் இருந்தது.