நில் என்று சொல்வதா, ஓடு என்று சொல்வதா

கல்முனை
2010 ஜனவரி, செவ்வாய்க்கிழமை பின்னேரம்

அன்பு மகன் அர்ஹமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேலையிடத்தில் மனதுக்குக் குறைவில்லாமல் இருக்க அல்லாஹ் துணை நிற்பானாக. இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், வாப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்காலம் முடியும் வரைக்கும் முறைப்பாடு சொல்லிக்கொண்டுதான் இருக்கும் போலிருக்கிறது. போனில் என்றால் நீ சாப்பிட்டீங்களா உம்மா என்று கேட்பாய், நான் ஓம் என்பேன், அதோடு லைன் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு கேள்வியை முதலில் உன் முன்னால் வைத்துவிடுகிறேன். புள்ளைக்கு நான் எதச் சொல்லிக் குடுக்கிற டீச்சர், நில்லு எண்டா, ஓடு எண்டா. நேற்றுப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பி நின்று இப்படிக் கேட்டார். பேராதனையில் படித்து, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை இருத்தினேன், இன்று முழுவதும் யோசித்தும் தெரியவில்லை.

இந்த வருஷம் ஆறாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டு வரைக்கும் என்னைப் பகுதித் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள், 6 பி வகுப்பும் என் பொறுப்புத்தான். ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரைக் கூப்பிட்டு இங்கத்தைய ஒழுங்குகளைச் சொல்வது என் முதல் வேலை. உனக்குத் தெரியும், மேடையில் நின்று கதைப்பது எனக்குப் பிடித்த காரியம் இல்லை. காலை மணிக்குப் பிறகு கேற் பூட்டப்படும், நகம் வெட்டியிருக்க வேண்டும், பெண் பிள்ளைகளின் பர்தா வெள்ளையாக இருக்க வேண்டும், ஓரத்தில் பூ வேலை கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடைவேளையில் மதிலுக்கு மேலால் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்றதும் சபியா உம்மா, மூன்று பெண்ணுக்குப் பிறகு பெற்ற ஒரே மகனைச் சேர்த்திருக்கிறவர், அப்ப என்ட மகன் காஞ்ச பாண்தான் தின்னணுமா, புட்டு ஆறினா அவன் தொடமாட்டானே என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், உங்கட மகன் கலியாணம் முடிச்சாலும் மதிலுக்கு மேலால குடுப்பீங்க போல என்று சொல்லச் சபையே சிரித்தது, நானும் சிரித்திருப்பேன், பகுதித் தலைவி என்பதால் அடக்கிக்கொண்டேன். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வோர் ஆசிரியர் வருவார் என்று விளக்கியபோது ஒரு தாய், எட்டுப் பேரா, அப்ப என்ட புள்ளட டீச்சர் ஆரு என்றார். நான்தான் வகுப்பாசிரியை என்றேன். அதுக்கு, நீங்க எந்த நேரமும் வகுப்பில இருக்க மாட்டீங்கதானே என்றார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் தாய்மார் முறை வைத்துக் கேற்றடியில் நின்று பிள்ளைகளின் பைகளைச் சோதித்தார்களே, அந்த வேலை இந்த வருஷம் இல்லை என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றது கேட்டது. நானும் மனதுக்குள் அதைச் சொல்லிக்கொண்டேன். எதையும் எளிதில் நம்பாத எனக்கே, ஒரு பிள்ளையின் பையைத் திறந்து பார்க்காமல் உள்ளே விடுகிற காலை வந்திருக்கிறது என்றால் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாகத்தான் கடலைப் பற்றிய ஒழுங்கு. எச்சரிக்கை மணி விடாமல் அடித்தால் பிள்ளைகள் வகுப்பில் வரிசையாக நிற்க வேண்டும், ஆசிரியர் வந்து கூட்டிக்கொண்டு பின் கேற்றால் போய் மெயின் ரோட்டைக் கடந்து வயல் பக்கம் சேர்ப்பார், பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வரவே கூடாது, வயல் பக்கம் வந்து கூட்டிப் போகலாம். இதை நாங்கள் சும்மா போடவில்லை. ஒருமுறை கடல் வருகிறது என்று வதந்தி கிளம்பி ஊரே பிள்ளைகளை எடுக்க மோட்டார் சைக்கிளோடு வந்து பள்ளிக்கூடத்துச் சின்னத் தெருவை அடைத்தது உனக்கு நினைவிருக்கும், உள்ளே பிள்ளைகள் தங்கள் பாட்டில் ஓடி, பின் கேற்றில் ஒரு சின்னப் பெண் மிதிபட்டுக் கை முறிந்தது. இந்த ஒழுங்கைச் சொல்லி முடிக்கும்போதுதான் பக்கீர் முகைதீன் எழும்பினார். சந்தைச் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிற மெலிந்த மனிதர், நீயும் கண்டிருப்பாய். அவருடைய மகள் ஹிமாயா என் வகுப்பில். கணக்கில் கெட்டிக்காரி, பாடம் முடிந்த பிறகும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு யோசிக்கிற பிள்ளை.

அவருக்கு ஹிமாயாவுக்கு முன்னால் றிஸ்கான் என்று ஒரு மகன் இருந்தான். சுனாமி அன்று ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைப் பக்கம் நடந்த ரியூஷன் வகுப்புக்கு அவனைக் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். எப்போதும் சொல்கிற சொல்லை அன்றைக்கும் சொல்லிவிட்டு வந்தாராம், வாப்பா வாற வரைக்கும் இந்த இடத்த விட்டு அசையப்படாது என்று. அவர் மட்டுமா சொன்னார், மகன். இந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற எல்லோரும் அப்போது சொன்னது அதுதான். எங்காவது வெடிச்சத்தம் கேட்டால், றவுண்டப் என்று ஆமி ஊரைச் சுற்றி வளைத்தால், கடையெல்லாம் பூட்டுகிறார்கள் என்றால், ஓடாதே, நின்ற இடத்தில் நில், நாங்கள் வந்து எடுப்போம். ஓடுகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து என்று யுத்தம் நமக்குப் படிப்பித்திருந்தது. கடல் வந்தபோது மற்றப் பிள்ளைகள் ஓடின. கூட ஓடின ஒருவன் பிறகு சொன்னானாம், நான் அவன்ட கையப் புடிச்சி இழுத்த, அவன் வாப்பா வருவார் எண்டு நிண்டுட்டான் என்று. பக்கீர் முகைதீன் இதையெல்லாம் சபையில் குரல் உயர்த்தாமல், ஏதோ வேறு ஆளுக்கு நடந்தது போலச் சொன்னார். பிறகுதான் அந்தக் கேள்வி. அண்டைக்கு இருந்து இந்தப் புள்ளைக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கிற ஒண்டே ஒண்டுதான் டீச்சர், ஆருக்காகவும் நிக்காத, எனக்காகவும் நிக்காத, ஓடு எண்டு. இப்ப நீங்க நில்லு எண்டு சொல்றீங்க. புள்ள ஆருட சொல்லக் கேக்கிற.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் தனியாக வந்தார். புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் சுனாமி ஒத்திகை இருக்கிறது, அதற்குப் பிள்ளையை அனுப்புவேன், ஆனால் ஆசிரியர் வரும்வரை நிற்கத்தான் வேண்டும் என்றால் மறுநாளே விடுகைப் பத்திரம் எடுத்து வயல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவேன் என்றார். அங்கே ஒன்பதாம் ஆண்டோடு வகுப்பு முடிகிறது, அவருக்கும் அது தெரியும். ஹாஜறா, அவருடைய பெண்சாதி, ஒரு பக்கத்தில் நின்று பர்தாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தவர், கெட்டிக்காரப் புள்ள டீச்சர், பாழாப் போயிரும், நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லுங்க என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதிபரிடம் போனேன். ஒருத்தியை ஓட விட்டால் எல்லாம் ஓடும், முறிந்த கையை மறந்துவிட்டீர்களா என்றார், அவர் சொல்வதிலும் பிழையில்லை. உன் வாப்பாவிடம் கேட்டேன், அவர் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, நீ ஓடவும் மாட்டாய், நிக்கவும் மாட்டாய், நிண்டு காரணம் கேட்டுக்கொண்டிருப்பாய், உன்னட்டப் போய்க் கேட்டாரே அந்த மனிசன் என்றார். இன்று பின்னேரம் கைவேலையாக இருக்கும்போதுதான், நீங்க எந்த நேரமும் வகுப்பில இருக்க மாட்டீங்கதானே என்று ஒரு தாய் கூட்டத்தில் கேட்டது திரும்ப மனதுக்கு வந்தது. ஆரம்பப் பாடசாலையில் ஒரே ஆசிரியை எந்த நேரமும் வகுப்பில் இருப்பார், ஆசிரியரோடு போ என்று சொல்லலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாடம் மாறும்போதும் ஒருவர் வெளிக்கிட்டு மற்றவர் வந்து சேரும்வரை வகுப்பில் பெரியவர் யாருமே இல்லை. அந்த நேரத்தில் மணி அடித்தால் முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஒழுங்கை எழுதும்போது நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. பக்கீர் முகைதீன் எழும்பி நின்றிருக்காவிட்டால் இன்றைக்கும் யோசித்திருக்க மாட்டோம். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், பதில் இல்லாமல்.

உன்னை நினைத்துக்கொண்டும் இதை எழுதுகிறேன். சுனாமி அன்றைக்கு நீ ரவுணில் கடற்கரைப் பக்கத்து வகுப்புக்குப் போயிருந்தாய். கடல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் நான் உன்னைத் தேடிக் கடலை நோக்கித்தான் ஓடினேன், வழியில் எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். நீயோ கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற நற்பிட்டிமுனையில் அன்னப்பிள்ளை அக்கா வீட்டு வாசலில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாய். உன்னைக் கண்டதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, எனக்குச் சொல்லாமல் எப்படி இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டேனாம், அன்னப்பிள்ளை அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லிப்போட்டு வாறத்துக்குக் கடல் பொறுத்து நிக்குமா தங்கச்சி என்று அவர் கேட்டார். நீ எனக்காக நிற்காமல் போனதற்கும், முன்பின் தெரியாத பிள்ளைக்கு அந்த வீட்டில் சோறு போட்டதற்கும் நான் தினமும் நன்றி சொல்கிறேன், வாயால் அல்ல, எனக்கு அது வராது. போன கிழமையும் அவரைப் போய்ப் பார்த்தேன், முன்பு போல வழியில் சோதனைக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கவில்லை. உன்னைக் கேட்டார், மெலிஞ்சா இருக்கான் என்றார், படம் காட்டினேன், ஓம், மெலிவுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆகையால் ஒழுங்காகச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அறையில் கூட இருக்கிற பிள்ளைகளோடு கோபித்துக்கொள்ளாதே, நீ என்னைப் போல, கோபத்தைச் சொல்லவும் மாட்டாய், விடவும் மாட்டாய். நீ தங்கியிருக்கிற கட்டடத்தில் நெருப்பு மணி அடித்தால் எந்தப் படியால் இறங்குவது என்று பார்த்து வைத்திருக்கிறாயா, பார்த்து வை. அன்னப்பிள்ளை அக்காவுக்கு ஒருமுறை போன் எடுக்க மறக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல ஈமானையும் நல்ல மனிதர்களின் கூட்டையும் தருவானாக. நாளைக் காலையில் வகுப்பில் என்ன சொல்லப் போகிறேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

உன் நலனையே நினைத்திருக்கும்
உம்மா, ஸாலிஹா

புதன்கிழமை

கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் 6 பி வகுப்பில், அதிபரிடம் கேட்காமலே, இப்படிச் சொன்னேன். ஆசிரியர் வகுப்பில் இருந்தால் அவரோடு போங்கள். இல்லாவிட்டால் யாருக்காகவும் நிற்க வேண்டாம், எனக்காகவும் வேண்டாம், வாப்பா உம்மாவுக்காகவும் வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடியுங்கள், கை விடாமல் போங்கள், தனியாக ஒருவரும் போகக் கூடாது. ஒரு பையன், கைய விட்டா என்ன டீச்சர் என்றான். கையை விட்டால் பக்கத்தில் இருக்கிறவர் நின்றுவிடுவார் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஹிமாயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எந்த நேரம் மணி அடிக்கும் என்று எங்களுக்கும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் பாடம் முடிந்து, நான் மேல் மாடியில் எட்டாம் ஆண்டிலிருந்து இறங்கி 6 பிக்கு வருகிற வழியில் அடித்தது. படியில் பெரிய பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களை விலக்கி இறங்க முடியவில்லை. முன் கேற்றில் வேறு ஒரு கூட்டம், வரக் கூடாது என்று சொல்லியும், பெற்றோர் வராமல் இருக்கிறார்களா என்று பார்க்க வந்த பெற்றோர். ஒருவழியாகக் கீழே வந்து வகுப்பு வாசலுக்குப் போனால் அங்கே பக்கீர் முகைதீன் நிற்கிறார். கேற்றடியில் நடந்த தள்ளுமுள்ளில் எப்படியோ உள்ளே வந்திருக்கிறார். வகுப்பில் யாரும் இல்லை. பைகள் எல்லாம் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளில் கிடந்தன, ஒரு கொப்பி திறந்தபடி கிடந்தது. நான் அவரைக் கண்டிக்க வேண்டியவள், அவர் பக்கத்தில் போய் நின்று நானும் உள்ளே பார்த்தேன். அவர் அந்தச் சின்ன வாங்குகளைப் பார்த்துக்கொண்டே, நிக்கல்ல டீச்சர், என்ட புள்ள நிக்கல்ல என்றார். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வெறுமையாகக் கிடக்கிற ஒரு வகுப்பைப் பார்த்து நான் இவ்வளவு நன்றியோடு என்றைக்கும் நின்றதில்லை.

இருவரும் பின் கேற்றால் வெளிக்கிட்டு மெயின் ரோட்டைக் கடந்து போனோம். வயலோரத்தில், நெல் பச்சையாக நிற்கிற அந்த மேட்டில், 6 பி முழுவதும் இரண்டிரண்டு பேராகக் கை பிடித்தபடி நின்றது. ஒருவரும் விழவில்லை. முன்னால் நின்றது ஹிமாயா, அவள் பிடித்திருந்தது சபியா உம்மாவின் மகனுடைய கை, அவன் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டிருந்தான், அவள் விடவில்லை. பிந்தி வந்த என்னை ஏற இறங்கப் பார்த்தாள், மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தகப்பனைக் கண்டாள். நீங்க ஏன் வாப்பா ஸ்கூலுக்குள்ள போன, போகப்படாது எண்டு டீச்சர் சொன்னதானே, பெரியாக்களே கேக்காட்டி என்ன செய்யிற என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓம் மகள், பிழதான், நான் போறன் என்றார். அவளைக் கூட்டிப் போக அவருக்கு அனுமதி இருந்தது, ஒழுங்கில் அப்படித்தான் இருக்கிறது. அவர் கூட்டிப் போகவில்லை. சந்தியில் விட்டுவந்த த்ரீவீலைப் பார்த்துத் தனியாகவே நடந்து போனார்.