கேட்காமல் பிடித்த கீழ்க்குரல்

ஓஸ்டர்முண்டிகன்,
ஞாயிறு

அன்பு மகள் கிருசிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் மூவரும் இங்கே சுகம். பரிஸில் நீ சுகமா என்பதை முருகனிடம்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது, போனை எடுத்தால்தானே உன்னிடம் கேட்கலாம். அதனால்தான் இந்தக் காலத்தில் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறேன். தம்பி சயனுக்குத் தொழிற்பயிற்சி முடியப்போகிறது, அவனும் இப்போது பெரிய துரை, ஒரு சொல் சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஆசுப்பத்திரிச் சமையலறையில் இந்தக் கிழமை முழுக்கக் காலை வேலை. வந்தால் ஒரு தேத்தண்ணி, ஒரு பேப்பர், அதோடு சரி. நீயும் கதைக்கிறாயில்லை, அவரும் கதைக்கிறாரில்லை, நடுவில் நான் ஒருத்தி கிடந்து அரைபடுகிறேன்.

ஓம், ஃப்ரிபூர்க் தேவாலயத்தில் அப்பா செய்தது பிழைதான். நீங்கள் மூன்று பிள்ளைகள் பாட ரெக்கோடிங் ஓடிக்கொண்டிருந்தது, உன் சோதனைக்கு அனுப்ப வேண்டியது, கெட்டுப்போனது, எல்லாம் பிழைதான். ஆனால் நீயும் ஒருக்கால் யோசி. வாயைத் திறந்து ஒரே எழுத்தைப் பிடித்தாய், விடவேயில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் மேலே துள்ளித் துள்ளி ஓடுகிறார்கள், நீ அந்த எழுத்திலேயே நிற்கிறாய். கோயிலில் தேவாரம், பஞ்சபுராணம் படிக்கிற பிள்ளை அடி மறந்து இழுத்துக்கொண்டு நின்றால், பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துத் தூக்கிவிடுவதுதானே எங்கள் வழக்கம்? சின்ன வயதில் அப்பா உன்னை எத்தனை வெள்ளிக்கிழமை அப்படித் தூக்கிவிட்டவர்? "பிள்ளை மறந்திட்டாள் கௌரி" என்று என் காதுக்குள் சொன்னார். நான் கையைப் பிடிக்க முன்னமே எழும்பி, லத்தீன் ஒரு சொல் தெரியாத மனிசன், நீ பிடித்த அதே சுரத்தை "ஆ" என்று பிடித்துக்கொண்டார். அந்தக் கல் மண்டபம் முழுக்க அப்பாவின் குரல். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது.

பிறகு ரயில் நிலையத்தில் நின்று நீ கத்தியபோதுதான் எங்களுக்கு விளக்கமே வந்தது. பழைய பிரான்சின் தேவாலயப் பாட்டில் முதலில் கீழ்க்குரல், மேற்குரல் இரண்டும் ஒன்றாக நடந்தனவாம். பிறகு பரிஸ் பெரிய தேவாலயத்தில் கீழ்க்குரல் பழைய வழிபாட்டுப் பாட்டை எழுத்தெழுத்தாக இழுத்துப் பிடிக்க, மேற்குரல்கள் தங்கள் பாட்டுக்கு ஓடத் தொடங்கினவாம். அதற்குப் பிறகு மேலே ஓடுகிறவர்களுக்குத் தனிச் சொற்கள் வந்து, அதுவும் பிரெஞ்சுக் காதல் சொற்களாம், கீழே சாமி மேலே காதலன், என்ன கூத்து இது! கடைசியில் சாமியையும் விட்டுவிட்டு அரண்மனைகளில் வெறும் காதல் பாட்டையே பல குரலில் பாடினார்களாம். எண்ணூறு வருசம் கழித்து நீ இதைப் படிக்கிறாய், படி, நான் வேண்டாமென்றேனா? ஆனால் "அம்மா, நான் ஒரே இடத்தில நிப்பன், அதுதான் என்ர வேலை" என்று முதலே ஒரு வரி சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

அதோடு விட்டாயா? "கேக்காமல் இனி ஒருநாளும் என்னோட பாடாதேங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய். போன வெள்ளி அட்லிஸ்வில் கோயிலில் பூசை முடிந்ததும் பஞ்சபுராணம் படிக்கச் சொல்லி ஐயர் வழக்கம்போல அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் நான் படித்தேன். இரண்டாம் அடி மறந்துபோனது. இழுத்தேன், இழுத்தேன். அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார், அவருக்குத் தெரியாத தேவாரமா? வாயே திறக்கவில்லை. சனம் முழுக்கப் பார்க்க அரைகுறையில் நிறுத்தினேன். வெளியே சப்பாத்துப் போடும் இடத்தில் வைத்து அவரை நல்லாய் ஏசிக் கிழித்தேன். அதற்கு அந்த மனிசன் சொன்னது இவ்வளவுதான்: "கேக்காமல் பாடக்கூடாதெண்டு பிள்ளை சொன்னவள். நீயும் கேக்கேல்லையே." எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வருகிற சனிக்கிழமை நீ ஃப்ரிபூர்க்கில் திரும்ப ரெக்கோடிங் செய்கிறாய் என்று சயன் சொன்னான். வரமாட்டோம், பயப்படாதே. கொத்தமல்லி அவித்துக் குடி, கழுத்தைத் திறந்துகொண்டு திரியாதே. முருகன் உன் குரலுக்குத் துணை நிற்பான், நீ நன்றாக வருவாய் பிள்ளை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எனக்குப் போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அப்பாவுக்கு எடு. மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம். மேற்குரலில் ஏதாவது ஒன்றைத் தொடங்கிவிட்டு, "அப்பா, கீழ்க்குரலைப் பிடியுங்கோ" என்று கேள். கேட்டால் பிடிப்பார். நீ முடிக்கும்வரை விடமாட்டார்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத அம்மா,
ஜெயகௌரி