கதைக்குள் இருக்கிற கெட்டவன்

ஜனவரி 19, ஞாயிறு

நிச்சயம் முடிந்து இரண்டு நாள். வீடெல்லாம் மீந்த லட்டு. நான் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் துருவேஷைப் படித்துக்கொண்டிருந்தேன். தொடர்கதையின் நாயகன் — நாயகன் என்று சொல்லலாமா? காதலிக்கிறவளைப் பின்தொடர்கிறான், அவள் வேலையைக் கெடுக்கிறான், அவளைப் பெண்பார்க்க வந்தவனைக் கொன்றும்விட்டான். நேரில் கண்டால் போலீஸுக்குப் போவேன். கதையிலோ, அவன் கதவருகே வந்து நின்றாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. இளவரசனிடம் சொன்னேன். "உனக்கு இந்த மாதிரி ஆளுதான் புடிக்குமா?" என்று சிரித்தார். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் எதை ஒளிப்பது? நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 5, புதன்

ஆபீஸ் விட்டதும் தங்கை யாழினியோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன். இளவரசனின் போன். "சத்திரத்துல இவ்வளவு நேரமா என்ன பண்ற?"

நான் சொல்லவேயில்லையே.

பிப்ரவரி 6

யாழினியும் சொல்லவில்லையாம். சத்தியம் செய்கிறாள்.

பிப்ரவரி 12, புதன்

தையல்கடை, பல் டாக்டர் — எங்கே போனாலும் தெரிந்துவிடுகிறது. கேட்டால், "மனசு சொல்லுச்சு" என்கிறார். துருவேஷ் பேசுகிற மாதிரியே. எனக்குப் பயமா, சந்தோஷமா? பயம்தான். தெளிவாக எழுதிவைக்கிறேன். பயம்.

பிப்ரவரி 15, சனி

பொய் சொல்லிப் பார்த்தேன். தலைவலி, வீட்டில் படுத்திருக்கிறேன் என்று மெசேஜ் போட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் ஜஹானாராவின் ஸ்கூட்டியில் முக்கொம்பு அணைப் பூங்காவுக்குப் போனேன். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, பதில் வந்துவிட்டது. "முக்கொம்புல தலைவலி குறையுதா?"

மெசேஜைக் காட்டினேன். ஜஹானாரா போனை வாங்கித் துழாவினாள். "மதி, நீ போற இடமெல்லாம் மேப்ல அவருக்குப் போயிட்டே இருக்குடி."

நிச்சயத்தன்று, போட்டோவெல்லாம் அனுப்பிக்கொள்கிறேன் என்று என் போனை வாங்கினாரே — அப்போதுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேரில் கேட்டேன். கொஞ்சமும் கூசவில்லை. "கதையில அவன் செஞ்சா ரசிக்கிற. நான் செஞ்சா தப்பா?"

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதும் அதே கேள்வி. நானா கேட்டு வாங்கினேன்? எனக்குள்ளேயே ஏதாவது கோணலா? சே, இப்ப நானே என்னைச் சந்தேகப்படணுமா?

காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது புரிந்தது. போனை அணைத்தால் துருவேஷ் அங்கேயே நின்றுவிடுவான். இவர் நிற்கமாட்டார்.

பிப்ரவரி 18

கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். "கண்ட கதையும் படிச்சா இப்படித்தான்" என்று அம்மா அழுதாள். "அக்கறையிலதானே பார்த்தாரு?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு அம்மாவிடம், "என்னை ஒருத்தன் இப்படி வேவு பார்த்தா நான் சும்மா விடுவனா?" என்றார். எழுந்துபோய் மண்டபத்துக்குப் போன் போட்டார்.

ஜூன் 4, புதன்

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள். லீவு போட்டுவிட்டுத் தனியாக ஓர் இடத்துக்குப் போனேன். துருவேஷின் கடைசி நாலு அத்தியாயத்தையும் அங்கேயே படித்து முடித்தேன். அவன் திருந்தவேயில்லை. எனக்கு அவனை இன்னமும் பிடித்துத்தான் இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. தோசை ஊற்றினாள்.

எங்கே போனேன் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.