மெனாஷே ரோஸ்னரின் பெயர்

1992 மார்ச் 3, ஹைஃபா

பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் ஜெருசலேம் ஆவணக்காப்பகத்தின் உறையைப் பிரித்தேன். தாத்தா பாட்டி பற்றி ஏதாவது கிடைக்குமா என்றுதான் எழுதியிருந்தேன். வந்தது அப்பாவின் மரணக் குறிப்பு.

மெனாஷே ரோஸ்னர், முன்காச் ஊர், பிறப்பு 1921. ஆஸ்திரியாவின் நாஜி முகாமில் 1945-இல் இறந்தார். எழுதிக் கொடுத்தவர்: அக்கா ரெய்சல், நெதன்யா.

அப்பா அடுத்த அறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். தன் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். அவருடைய அக்கா ஒரு மணி நேர பஸ் தூரத்தில்!

மார்ச் 6

சொன்னேன். அழுவார், கட்டிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். தட்டைத் தள்ளிவைத்தார்.

"அந்தம்மாகிட்ட போகாதே, ப்னினா."

"உங்க அக்காப்பா."

"போகாதேன்னா போகாதே."

ஏன் இந்தப் பயம்?

மார்ச் 8

பேச்சை மீறி ரெய்சலுக்குத் தொலைபேசினேன். "உங்க தம்பி உயிரோட இருக்கார்" என்றேன். "நாளன்னைக்கே நெதன்யா வாம்மா" என்றார்.

மார்ச் 10

எழுத முடியுமா தெரியவில்லை.

ரெய்சலுக்கு எழுபத்துநான்கு வயது. கசகசா கேக் செய்து வைத்திருந்தார். "அவனுக்கு இதுன்னா உயிரு. ரெண்டு துண்டு கட்டித் தரேன், கொண்டுபோய்க் குடு." என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் அப்பாவின் இளவயதுப் படத்தை நீட்டினேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் பார்த்தார்.

"இது யாரும்மா?"

அலமாரியிலிருந்து தன் தம்பியின் படத்தைக் கொண்டுவந்தார். விரிந்த காதுகள், சிரித்த பையன். என் அப்பா இல்லை.

மார்ச் 11

ரெண்டு நாள் அவங்களுக்குத் தம்பி இருந்தான். நான்தான் குடுத்தேன், நான்தான் பிடுங்கினேன். எதுக்கு இந்த வேலைய ஆரம்பிச்சேன்?

மார்ச் 14

அப்பா தானாகவே வந்து உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

அவரும் மெனாஷேயும் முகாமில் ஒரே பலகையில் படுத்தவர்கள். முகாமை விடுவிக்க அமெரிக்கப் படை வந்த மறுநாள் மெனாஷே காய்ச்சலில் இறந்தான். பிழைத்தவர்களின் பட்டியல் எழுத வந்தவன் பெயர் கேட்டபோது அப்பாவின் வாயில் மெனாஷேயின் பெயர் வந்தது.

"ஏம்ப்பா?"

"முதல் முகாம்ல ரயில்ல இருந்து இறக்கினாங்க. தம்பி ஷுலிமுக்கு ஒன்பது வயசு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அம்மாகூட இருந்தா நல்லதுன்னு, 'அம்மாகிட்ட போடா'ன்னு நான்தான் தள்ளிவிட்டேன். அந்த வரிசை விஷவாயு அறைக்குப் போச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது." என்னைப் பார்க்காமலே, "அவனைத் தள்ளினவன் பேரு எனக்கு வேண்டாம்னு இருந்துச்சு" என்றார்.

அந்தப் பெயரை நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

மார்ச் 16

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒன்பது வயதில் ஒரு சித்தப்பா.

மார்ச் 22

அப்பா சொன்னதையெல்லாம் ரெய்சலுக்குக் கடிதமாக எழுதியிருந்தேன். இன்று அவரே கூப்பிட்டார். "சாகும்போது அந்த ஆள் கூட இருந்தாரா?"

"இருந்தார்."

"அப்போ கூட்டிட்டு வா."

மார்ச் 26

நெதன்யா போனோம். ரெய்சல் கதவைத் திறந்ததும் அப்பா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"தண்ணி கேட்டானா?" என்றார் ரெய்சல். வேறு எதுவும் கேட்கவில்லை.

"கேட்டான். குடுத்தேன். குடிச்சான்."

ரெய்சல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இத்தனை வருஷமும் அது ஒண்ணுதான் எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு."

அப்பா சொன்னார்: "அவன் பேரைத் திருப்பித் தந்துடறேன்மா."

"தாங்க. அது எங்க வீட்டுப் பேரு." கோபமா, களைப்பா, எனக்குப் புரியவில்லை. "உங்களை நான் எப்படிக் கூப்பிடறது?"

அப்பாவின் உதடு இரண்டு முறை அசைந்தது. மூன்றாம் முறைதான் சத்தம் வந்தது. "கல்மன்."

நானும் அப்போதுதான் கேட்டேன்.

ஏப்ரல் 30, யூத இனப்படுகொலை நினைவு நாள்

காலை பத்து மணிக்குச் சங்கு ஒலித்தபோது பால்கனியில் மூவரும் நின்றோம். ரெய்சல் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். சங்கு ஓய்ந்த பிறகும் அப்பா உள்ளே வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஷுலிம் என்று ஒருமுறை காதில் விழுந்தது.

மதியம் ரெய்சல் என் சமையலறையில் நின்று கூப்பிட்டார். "கல்மன்."

யாரையோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

"உன்னைத்தான், கல்மன். வா, சூப் ஆறுது."

"வரேன்க்கா" என்றார் அப்பா.