ரொட்டிப் பெட்டியில் அம்மா

ரூசே,
1 செப்டம்பர் 2019

அன்புள்ள நெவெனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வலென்சியாவில் அந்த வெயிலில் ஹோட்டல் படுக்கைவிரிப்புகளை இஸ்திரி போடுகிறாய் என்று படித்ததும் எனக்கே வியர்த்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று மறுபடியும் கோபித்திருக்கிறாய். மணி அடித்தாலே அப்பா எழுந்து கையை நீட்டிவிடுகிறார். அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று நினைப்பு. இல்லை என்று யார் சொல்வது? அதனால்தான் கடிதம். பால்கனியில், சால்டரிங் சாமான்களுக்கும் தக்காளிப் பெட்டிக்கும் நடுவே கணினியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு விஷயத்தை ஒரு வருஷத்துக்கு மேலாக மறைத்திருக்கிறேன். திட்டாமல் படி.

அப்பா பக்கவாதத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதானே அம்மா கண்ணை மூடினாள். அவர் வீடு திரும்பியதும் சொன்னேன். அழுதார், மறந்தார். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன், புதிதாக அழுதார். ஒருநாள் வீட்டுச் செருப்போடு நாலு மாடி இறங்கி, பனியில் துறைமுகம் வரைக்கும் அவளைத் தேடிப் போய்விட்டார். அன்றோடு சொல்வதை நிறுத்தினேன். கட்டட வாசலில் எல்லோரும் ஒட்டுகிற நினைவு அறிவிப்பைக்கூட அம்மாவுக்கு ஒட்டவிடவில்லை. போன் ரிப்பேர் கடை வேலையை விட்டதும் அப்போதுதான். பால் வாங்கக்கூட ஓடிப் போய் ஓடி வந்தேன்.

அப்புறம், முன்பு ஒரு மைக்கைச் சோதித்துப் பார்த்தபோது சமையலறையில் பதிவான கோப்பு ஒன்று கிடைத்தது. முழுக்க அம்மா. "லூபென், அந்தக் கம்பியை மேசையை விட்டு எடுடா." அப்பாவிடம், "ராதோய், குழாயை மூடுன்னா மூட மாட்டியா?" "ஐயோ, பீன்ஸ் தீயுது!" அதைத் துண்டு துண்டாக வெட்டி, தீப்பெட்டி அளவுக் கணினி ஒன்றில் ஏற்றி, ரொட்டிப் பெட்டிக்குள் சின்ன ஸ்பீக்கரோடு வைத்தேன். யாராவது நடமாடினால் பேசும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

முதல் நாள் பீன்ஸ் தீய்ந்ததும் அப்பா, "வர்றேன்டி, வர்றேன்" என்றார். பிறகு நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அம்மா சமையலறையில் இருக்கிறாள், அவருக்கு அது போதும். என்னைத்தான் மகன் என்று அடையாளம் தெரியவில்லை, "மெக்கானிக்" என்கிறார்.

சோஃபியாவிலிருந்து என் பழைய சிநேகிதன் பிளாமென் எழுதியிருக்கிறான். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு ஏற்றும் கூடம் ஒன்று ஆரம்பிக்கிறானாம், நவம்பரில் வந்துவிடு என்கிறான். நாற்பத்தாறு வயதில், நான் சும்மாவே செய்யக்கூடிய வேலைக்குச் சம்பளம் தருகிறேன் என்று ஒருவன் கூப்பிடுகிறான். நானோ பால்கனியைத் தாண்ட முடியாமல் இருக்கிறேன்.

அன்புடன்,
லூபென்


வலென்சியா,
5 செப்டம்பர் 2019

அன்பு அண்ணா,

திட்டாமல் படி என்றாய். படித்துவிட்டேன், இப்போது திட்டுகிறேன். அம்மாவின் குரல் உன்னிடம் இருந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை! அடக்கத்துக்கு வர எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அவளை நான் கடைசியாகக் கேட்டது போனில், அதுவும் பாதியில் அறுந்துபோனது. நீ மட்டும் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

எனக்கு அனுப்பு. இந்த வாரமே அனுப்பு.

அக்டோபர் பன்னிரண்டு அவளுக்கு இரண்டாவது வருஷ நினைவு நாள். இறந்தவர்களுக்காகச் செய்கிற மாதிரி முதல் வருஷமும் கோதுமை வேகவைத்து அக்கம்பக்கத்தில் பங்கிடவில்லை, நாற்பதாம் நாளும் இல்லை. இங்கே என்கூட வேலை பார்க்கும் பெண் ஊரில் செத்துப்போன தன் நாய்க்குட்டிக்குக்கூட மெழுகுவத்தி ஏற்றினாள். நம் அம்மா என்ன பாவம் செய்தாள்?

உன் தங்கை,
நெவெனா


ரூசே,
21 செப்டம்பர் 2019

அன்புள்ள நெவெனாவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. பதிவில் ஒரே இரைச்சல். அப்படியே உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. இரைச்சலைச் சுரண்டி எடுத்து, அம்மாவை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். நல்ல ஹெட்போனில் கேள். காதில் செருகுகிற அந்தப் பட்டாணிகளில் கேட்டுவிட்டு என்னைக் குறை சொல்லாதே.

எம்பி3 என்றால் என்னவென்று தெரியுமா? மனிதக் காதுக்கு எது கேட்காது என்று கணக்குப் போட்டு, அதை எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சின்னப் பொட்டலமாகக் கட்டுவது. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் சின்னச் சத்தம் இருந்தால் சின்னது காலி. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்த வீட்டில் அந்தச் சின்னச் சத்தம் நான்தான். அப்பாவுக்கு அம்மா இருக்கிறாள், அம்மாவுக்கு அப்பா பதில் சொல்கிறார். நான் கம்பி மாற்றுகிறவன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அந்த பீன்ஸ் தீயும்?

சிரிக்கவும் ஒன்று இருக்கிறது. புதன்கிழமை ஸ்பீக்கருக்கு ப்ளூடூத் வைத்தேன், கம்பி குறையட்டுமே என்று. மாலையில் கீழ்வீட்டு கான்சோ மாமாவின் மகள் தன் போனை எதனோடு இணைத்தாளோ, எங்கள் ரொட்டிப் பெட்டியிலிருந்து "முத்தம் கொடு, முத்தம் கொடு" என்று ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது. அப்பா கழுத்தைக்கூடத் திருப்பாமல் அம்மாவைக் கேட்டார்: "ஸ்டான்கா, இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்தப் பாட்டு? மெக்கானிக் வேற நிக்கிறான்."

கோதுமை வேண்டாம். வீட்டில் கோதுமை கொதிக்கிற வாசனை வந்தால் யாருக்கு என்று கேட்பார்.

லூபென்


வலென்சியா,
24 செப்டம்பர் 2019

அன்பு அண்ணா,

கேட்டேன். இது அம்மா இல்லை.

கோபித்துக்கொள்ளாதே. குரல் அவளுடையதுதான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது. ஃப்ரிட்ஜ் எங்கே? அது இழுத்து இழுத்து இரைக்குமே, அதற்கு மேலே கத்தித்தானே அவள் பேசிப் பழகினாள்? கான்சோ மாமா சுவரில் துளை போடும் சத்தம் எங்கே? ஒன்றுமே இல்லாத இடத்தில் அவள் எதற்காக இப்படிக் கத்துகிறாள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுக்கோடு இருக்கும் பதிவை அனுப்பு. நான் கேட்டது நம் சமையலறையை.

இன்னொன்று. ஊருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லத்தில் விசாரித்தேன். ஓர் இடம் காலி இருக்கிறது, அக்டோபர் இறுதி வரை பிடித்து வைப்பார்களாம். செலவில் பாதி என்னுடையது. நீயும் மனிதன்தானே அண்ணா. அப்பா வர மாட்டேன் என்பார், தெரியும். பேசிப் பார்.

நெவெனா


ரூசே,
4 அக்டோபர் 2019

நெவெனா,

பேசிப் பார்த்தேன். "என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும், மெக்கானிக். அதுவும் பொணமா, கால் முன்னால" என்றார். பிறகு ரொட்டிப் பெட்டியைப் பார்த்து, "கேட்டியாடி?" என்றார்.

என் பேச்சு அங்கே எடுபடாது. அம்மாவின் பேச்சு எடுபடும். மூன்று நாளாக அவள் வார்த்தைகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பதிவு முழுக்கத் தேடி, "நீ"யை ஓரிடத்திலும் "போ"வை ஓரிடத்திலும் எடுத்தேன். ஒட்டுத் தெரியாமல் மூச்சுகளைக்கூடச் சேர்த்துவிட்டேன். "ராதோய், நீ அங்க போ. நானும் வர்றேன்." வேலை சுத்தமாக வந்திருக்கிறது. கேட்டுவிட்டு எனக்கே பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் தேதி போடலாம் என்றிருக்கிறேன். பிளாமென் இனிமேல் காத்திருக்க மாட்டான். நானும் இப்படியே இருந்தால் ஒருநாள் அப்பாவிடம் கத்திவிடுவேன், அதற்கு இது மேல்.

லூபென்


வலென்சியா,
6 அக்டோபர் 2019

அண்ணா,

வேண்டாம்.

அவள் சொன்னதைத் திரும்பப் போடு, ஆயிரம் தடவை போடு. சொல்லாததைச் சொல்ல வைக்காதே. அவள் வாயால் அப்பாவை வெளியே அனுப்பினாய் என்றால், நான் உன் தங்கை இல்லை. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

நெவெனா


ரூசே,
13 அக்டோபர் 2019

அன்புள்ள நெவெனாவுக்கு,

போட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு தங்கையாக இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்.

நேற்றுக் காலை ரொட்டிப் பெட்டியில் அந்த வாக்கியத்தை ஏற்றினேன், இனி அதுதான் வரும்படி. அது பேசும்போது எதிரே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. ரொட்டி வாங்கி வருகிறேன் என்று இறங்கிவிட்டேன். முதல் தடவையாக நடந்தே போனேன், நடந்தே வந்தேன்.

கதவைத் திறந்தால் கோதுமை வாசனை.

அப்பா அடுப்பருகே ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய பாத்திரத்தில் கோதுமை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சர்க்கரை, உடைத்த அக்ரூட், ஒரு மெழுகுவத்தி, எல்லாம் கான்சோ மாமா வாங்கித் தந்தது. நான் செருப்போடு அப்படியே உள்ளே நடந்தேன். நான் இல்லாதபோது எத்தனை தடவை பேசியதோ, பெட்டி என் நடமாட்டத்தையும் பார்த்துவிட்டது.

"ராதோய், நீ அங்க போ. நானும் வர்றேன்."

அவர் அடுப்பைச் சின்னதாக்கினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதை அவ சொல்லல, லூபென். நீ சொல்றே."

இரண்டு வருஷத்தில் என் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. எப்போதிலிருந்து தெரியும் என்று எப்படியோ கேட்டேன்.

"போன வருஷம் செர்ரி பழுத்தப்பவே தலை தெளிஞ்சிடுச்சு. ஒரே பீன்ஸ் எத்தனை தடவைடா தீயும்? அவ என்ன, அவ்வளவு மோசமா சமைச்சவளா?"

"பின்ன ஏன்பா பதில் சொல்லிட்டே இருந்தீங்க?"

"நீ அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவே. கம்பியைத் தடவுவே. அவ போனப்ப நீ அழவே இல்லைன்னு கான்சோ சொன்னான். சரி, இவனுக்கு இன்னும் வேணும் போல இருக்குன்னு நெனச்சேன். நான் பதில் சொல்லலைன்னா நீ அதை நிறுத்திடுவியே?"

கோதுமையைக் கிண்டினார். என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

"நான் தேறிட்டேன்னு தெரிஞ்சா நீ போயிடுவே. அதுவும் உண்டு."

நெவெனா, நான் அவரைக் காவல் காக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் என்னைக் காவல் காத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கதவுக்கு இரண்டு பக்கம் முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறோம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அம்மாவுக்காக, இரண்டு வருஷம் தாமதமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமல் இன்னொரு கையை என் தலையில் வைத்தார். பிடிமானத்தை விட்டதால் இரண்டு பேரும் விழப் பார்த்தோம்.

கோதுமையை மாடி மாடியாகக் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார், நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் "கடவுள் அவங்களை மன்னிக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார்கள். வாசலில் அம்மாவின் அறிவிப்பையும் ஒட்டியாகிவிட்டது. படம் சுமார்தான், அவளுக்குப் பிடித்திருக்காது.

போன் மணிக்கு ஏன் கையை நீட்டினார் என்றும் கேட்டேன். "எம் பொண்ணு கூப்பிடறா, பேச வேணாமா? நீதான் கொடுக்க மாட்டேங்குறே."

இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

உன் அண்ணன்,
லூபென்


வலென்சியா,
15 அக்டோபர் 2019

அன்பு அண்ணா,

மன்னிப்பதா? சலவைக்கூடத்தில் உட்கார்ந்து அழுது, இரண்டு தலையணை உறைகளை நாசமாக்கிவிட்டேன். தங்கையாகவே இருக்கிறேன், போ.

முதியோர் இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், விடுப்பு தராவிட்டாலும் வருகிறேன். நீ சோஃபியாவுக்குப் போ.

நெவெனா


சோஃபியா,
11 நவம்பர் 2019

அன்புள்ள நெவெனாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பிளாமென் தலை வழுக்கையாகிவிட்டது. நாடாக்கள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன, பாதி பூசணம். எனக்குப் பரம சந்தோஷம்.

அப்பாவோடு பகல் முழுக்க கான்சோ மாமா பகடைப் பலகையை விரித்து உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை தோறும் நான் போவேன். ரொட்டிப் பெட்டியை எடுத்துவிடட்டுமா என்று கிளம்பும்போது கேட்டேன். "இருக்கட்டும், பழகிடுச்சு" என்றார். இருக்கட்டும் என்று விட்டேன். ரயிலில் பாதி வழியில் கோட்டுப் பையில் கை விட்டால் அம்மா என்னிடம் இருக்கிறாள். கடைசியாக ஒருமுறை சோதிக்கக் கழற்றிய மெமரி கார்டைத் திரும்பச் செருக மறந்திருக்கிறேன். பெட்டி ஊமை. முன்பென்றால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பேன். கால் எழுந்தது, பிறகு உட்கார்ந்துவிட்டேன். மீதி வழி முழுக்க அந்தக் கார்டைக் கைக்குள் மூடிக்கொண்டே வந்தேன்.

அந்தப் பதிவை, சுரண்டாமல், ஃப்ரிட்ஜோடும் கான்சோ மாமாவின் துளைபோடும் மிஷினோடும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எந்தக் காதில் வேண்டுமானாலும் கேள்.

இன்று மத்தியானம் முதல் நாடாவைச் சுழற்றும்போது போன் வந்தது. அப்பா. பெட்டி பேசவில்லை என்று சொல்லப்போகிறார், என்ன பதில் சொல்வது என்று தடுமாறியபடி எடுத்தேன். அவர் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கான்சோ திருட்டு ஆட்டம் ஆடுகிறான் என்றார். அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் இரைவது கேட்டது.

"உங்கம்மா கேக்கறா, சாப்பிட்டியான்னு."

சாப்பிட்டேன் என்று சொல்லச் சொன்னேன்.

நீயும் போன் பண்ணு நெவெனா. இப்போது அவரே எடுப்பார். அம்மா உன்னையும் கேட்பாள்.

அன்புடன்,
லூபென்