பச்சை வட்டத்தில் ஒருத்தி

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கூடுவாஞ்சேரியில் 8.05 லோக்கல். ரெக்கார்ட் நோட்டில் இரண்டு படம் பாக்கி. குடை மறந்தாச்சு.

தாம்பரத்தில் நிவேதா இன்றும் ஏறவில்லை. மூன்று வருடமாக லேடீஸ் பெட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் இட்லியைத் தின்பவள். போன புதனிலிருந்து ஆளையே காணோம். கிளாஸில் ஸ்வேதாவைக் கேட்டேன். "அவளுக்கு இன்னாடி காயு, எதனா கம்பெனி கூப்ட்டிருக்கும். ஸ்டோரி பாக்கல?"

பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே இன்ஸ்டாவில் நிவேயை மியூட் செய்துவிட்டேன், அவள் போடுவது எதுவும் என் கண்ணில் படாதபடி. அவளுக்குத் தெரியாது. தினமும் ஒரு சர்டிஃபிகேட், ஒரு புதுக் குர்தா, ஒரு சிரிப்பு. எனக்கோ இன்னும் ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. வயிறு எரிகிறது. சிநேகிதி என்பதால் இன்னும் எரிகிறது. சீ, என்ன பிறவி நான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். படம் வரைந்தாயிற்று. போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் (இந்த வரிக்குள் இரண்டு தடவை எடுத்துவிட்டேன்).

காலையில் நிவே போன் ஸ்விட்ச் ஆஃப். மதியம் மனசு கேட்கவில்லை, மியூட்டை எடுத்தேன். அவள் படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம். நெருக்கமானவர்களுக்கு மட்டும் காட்டும் ஸ்டோரி. கறுப்புத் திரை, சின்ன எழுத்து:

"இந்த லிஸ்ட்ல நீ மட்டும்தான் காயு. இருபதாவது நாள். இன்னைக்காச்சும் பாரேன்."

முந்தைய பத்தொன்பதும் அந்தந்த நாளோடு அழிந்துபோச்சு. என்ன எழுதினாளோ. அதில் பாதி நாள் ரயிலில் என் பக்கத்தில்தானே இருந்தாள்! வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? நான் மட்டும் என்ன, அவள் முகத்தையா பார்த்தேன்? போனைத்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

லேப் கட். செம்பாக்கம், நிவே வீடு. அவள் அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "ரூமை விட்டு வர மாட்டேங்கறாம்மா. நீயாச்சும் பேசு."

நிவேக்கு எண்ணெய் காணாத தலை. கண் வீங்கியிருந்தது. "எட்டு கம்பெனிடி. ஒண்ணுலகூட மொத ரவுண்டு தாண்டல."

"அந்தக் குர்தாவெல்லாம்?"

"ஒரே நாள்ல ட்ரையல் ரூம்ல எடுத்த போட்டோ. ஒண்ணுகூட வாங்கல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் அழுதாள். காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லையாம்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. "உன்னை மியூட் பண்ணியிருந்தேன்டி. பொறாமை."

"நீ பாக்கலைன்னு தினமும் தெரியும் காயு. ஏன்னுதான் தெரியல." திட்டியிருந்தால் தேவலை.

நாளை காலேஜ் கவுன்சிலர் மேடத்திடம் சேர்ந்தே போவதாகப் பேச்சு. தாம்பரத்தில் வழக்கமான இடத்தில் நிற்கிறேன் என்றாள். அவள் அம்மாவிடமும் சொல்லியாச்சு. அழிந்துபோன பத்தொன்பது நாளையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். ஏழாவது நாள்வரை சொன்னாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில். 8.05. அவளுக்கும் சேர்த்து ஆறு இட்லி.

தாம்பரம். வழக்கமான இடத்தில் அவள் இல்லை. ஸ்டோரியும் இல்லை. கூப்பிட்டேன், அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அம்மாதான் எடுத்தார். "குளிச்சு ரெடியாத்தாம்மா உக்காந்திருக்கா. செருப்பு மாட்ட மாட்டேங்கறா."

வண்டி கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன். செம்பாக்கம் பஸ்ஸில் நின்றபடி எழுதுகிறேன். எட்டாவது நாளிலிருந்து கேட்க வேண்டும்.